பதினேழாம் எண் ஊசி

அந்தத் தையல்காரம்மாவுக்குப் பயம் என்பது பிறவியிலேயே தைத்துக் கொடுத்தனுப்பிய உள்பை மாதிரி. கழற்றவும் முடியாது, காலியாகவும் இருக்காது. கட்டிய கணவர் முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஆனால் அவள் ஒரு நாளும் லிஃப்டில் ஏறியதில்லை. ஐந்தாவது மாடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு மூச்சிரைக்கப் படியேறுவாள், அவர் மேலே போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, "வந்துட்டியா, இல்ல இன்னும் ரெண்டாவது மாடியா?" என்று மாடிப்படியை எட்டிப்பார்த்துக் கேட்பார். கடையின் ஷட்டரைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பாதித் தெரு போய்விட்டு நாலாவது தடவைக்குத் திரும்பி வருவாள். தபாலில், விலாசம் தெரிய ஜன்னல் வைத்த ஆபீஸ் கவர் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படிப்பட்டவள்தான் ஆறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் சிறைச்சாலைக்குள் போய், இருபத்துநாலு தண்டனைக் கைதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஊசியைக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவே இருந்த அவளுடைய ஆல்டரேஷன் கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு ஒரு தடவை அவளைப் பார்ப்பார்கள், ஒரு தடவை அவள் கைக் கத்தரியைப் பார்ப்பார்கள்.

அவள் அங்கே போனதற்குத் தொண்டு மனசு, அது இது என்று பெரிய காரணமெல்லாம் கிடையாது. சிறைக்குப் புதிதாக வந்த கண்காணிப்பாளருக்கு வார்டர்களின் சட்டை தொளதொளவென்று இருந்தது பிடிக்கவில்லை. அளவெடுக்க ஆள் வேண்டும் என்று தலைமை வார்டரம்மா வந்து அவளைக் கூட்டிப்போனார். உள்ளே போன முதல் நாள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரோரமாகவே நடந்தவள், தாழ்வாரத்தில் ஒரு கைதி தன் சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். ஊசி இல்லை. செம்புக் கம்பியைத் தட்டிக் கூராக்கி, போர்வையிலிருந்து உருவிய நூலைக் கோத்திருந்தான். தையலோ, சகிக்கவில்லை. "இப்படியா தைப்பாங்க?" என்று அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, அங்கேயே நின்று நாலு தையல் போட்டுக் காட்டினாள். வார்டரம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தான் யார் கையிலிருந்து எதைப் பிடுங்கினோம் என்பது உறைத்தது. அன்றைக்கு முழுக்கக் கை கால் வெலவெலத்துக் கிடந்தாள்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் சுபாவம் அது. பயம் வந்து சேர்வதற்குள் கை முந்திக்கொள்ளும். கை செய்ததைப் பல சமயம் அவளுக்கே தெரியாது.

அப்படித் தொடங்கியதுதான் வகுப்பு. கடையில் மிஞ்சிய வெட்டுத்துணியை மூட்டை கட்டிக் கொண்டுபோய், துணியின்மேல் துணி வைத்துத் தைத்துப் படம் பண்ணக் கற்றுக்கொடுத்தாள். முதல் வருஷம், அவரவர் மனசுக்குப் பிடித்த ஒரு பொருளைத் தையுங்கள் என்று சொன்னபோது, இருபத்துநாலு பேரில் ஒன்பது பேர் கட்டில் தைத்தார்கள். மெத்தை, தலையணை, கால்மாட்டில் மடித்த போர்வை சகிதம். மற்றவர்கள் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ஒரு டம்ளர் என்று போனார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. தையல் நெருக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

ஊசிக்கு ஒரு சட்டம் இருந்தது. கணவர் ஒரு பலகை செய்து கொடுத்திருந்தார். பலகைமேல் தக்கை ஒட்டி, ஒன்று முதல் இருபத்துநாலு வரை எண் எழுதியிருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் ஊசி, ஒவ்வொரு ஊசிக்கும் ஓர் ஆள். வகுப்பு முடிந்ததும் வரிசையாக வந்து தன் எண்ணில் ஊசியைக் குத்தவேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, திருப்பிப் புறங்கையைக் காட்டவேண்டும். கதவோரம் நிற்கும் வார்டரம்மா பார்த்துவிட்டு, "சரி" என்பார். அந்தச் சரியைக் கேட்ட பிறகுதான் அவன் நகரலாம். ஊசி அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. வெளியிலிருந்து ஊசி உள்ளே வரவும் கூடாது. இரண்டுமே குற்றம். ஆறு வருஷத்தில் ஓர் ஊசி தவறவில்லை.

ஆரம்பத்தில் அவளையும் வாசலில் சோதிப்பார்கள். வருஷம் ஒன்று போனதும், "நீங்க போங்க மேடம்" என்று வார்டரம்மாவே கையசைத்து விட்டுவிடுவார்.

பதினேழாம் எண்காரனுக்குக் கோட்டான் என்று பேர். பெரிய கண், நெடுநெடுவென்ற உயரம், பேச்சே கிடையாது. தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் அந்த அறைக் கதவுக்குள் நுழைவான். வேலை செய்த இடத்தில் வாய்த்தகராறு முற்றி, கூட வேலை செய்தவனை ஸ்குரூ டிரைவரால் குத்திக் கொன்றுவிட்டு வந்தவன் என்று வார்டரம்மா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ஏன்தான் சொன்னாரோ என்று இருந்தது அவளுக்கு. அதிலிருந்து அவன் ஊசி பிடிக்கிற விதத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஓரடி தள்ளி நின்றுகொள்வாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வகுப்பிலேயே நல்ல தையல் அவனுடையதுதான். இருபது வருஷம் தொழிலில் இருந்தவள் போடுகிற தையலை அவன் இரண்டு வருஷத்தில் போட்டான். அவனிடம் அவளுக்குப் பயம் பாதி, பொறாமை பாதி.

பாராட்டு விஷயம் ஜன்னல் வைத்த கவரில் வந்தது. அவள் அதை இரண்டு நாள் பிரிக்கவில்லை. கணவர்தான் கிழித்துப் படித்தார். சிறைகளில் கலை மூலமாக மறுவாழ்வுக்கு உதவுகிறவர்களைப் பாராட்டும் ஒரு சங்கம் இந்த வருஷம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. கைதிகளே எழுதி அனுப்பிய பரிந்துரையாம். விழாவைச் சிறைக்குள்ளேயே, பெரிய கூடத்தில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. பெரிய அதிகாரிகள் எல்லாரும் அன்றைக்கு வருகிறார்களே என்று, முன்விடுதலையை முடிவு செய்யும் குழுவையும் அதே பிற்பகலில் கூட்டிவிட்டார்கள். அந்தக் குழுவின் முன்னால் வரவேண்டிய கோப்புகளில் ஒன்று கோட்டானுடையது. பதினோராவது வருஷம். நன்னடத்தை. தேறிவிடுவான் என்றுதான் பேச்சு.

மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு பெரிய சுவர்த்துணி தயாரானது. ஒரு வீட்டின் உள்ளே இருக்கும் சாமான்கள், ஆளுக்கொன்றாக இருபத்துநாலு. கோட்டானுக்கு விழுந்தது ஒரு மேசை விசிறி. பச்சை விசிறி. செவ்வாய்க்கிழமை அவன் மூன்றாவது இறக்கையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

நூல் முடிச்சு விழுந்துவிட்டது போலிருக்கிறது. கையைத் தூக்கினான். அவள் ஊசியோடு துணியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முடிச்சை அவிழ்த்து, நூலைக் கத்தரித்து, துணியைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கூடத்தைக் கழுவ வேண்டுமென்று பத்து நிமிஷம் முன்னதாகவே அடித்துவிட்டார்கள். ஒரே தள்ளுமுள்ளு. ஒவ்வொருவராக வந்து ஊசியைக் குத்தினார்கள், கையைக் காட்டினார்கள், சரி, சரி, சரி. கடைசியில் பார்த்தால் பலகையில் இருபத்துமூன்று ஊசிதான் இருந்தது. பதினேழு காலி.

வார்டரம்மா கதவைச் சாத்தினார்.

"பதினேழு எங்க?"

கோட்டான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "அக்காகிட்ட கொடுத்தேன்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. "திருப்பிக் கொடுத்துட்டேனே" என்றாள்.

"இல்லக்கா. துணியைத்தான் கொடுத்தீங்க."

வார்டரம்மா அவளருகில் வந்து, குரலைத் தணித்து, நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டார். யோசிப்பதாவது. சாத்திய கதவுக்குள் இருபத்துநாலு ஆண்கள், அதில் ஒருவன் கையில் எங்கேயோ ஓர் ஊசி, அவன் ஏற்கெனவே ஒருவனைக் குத்தியவன். அவளுக்குத் தலை கால் புரியவில்லை. ஊசியை வாங்கினால் திருப்பிக் கொடுப்பதுதானே வழக்கம், எத்தனை தடவை கொடுத்திருக்கிறாள், இன்றைக்கு மட்டும் எப்படிக் கொடுக்காமல் இருப்பாள் என்று நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

"கொடுத்துட்டேன்."

பொய் என்று தெரிந்து சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உண்மை என்று உறுதியாகத் தெரிந்து சொன்னாள் என்றும் சொல்லமாட்டேன். அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் தேடினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கயிற்றில் காந்தம் கட்டித் தரையில் இழுத்தார்கள். சுவர்த்துணியை விரல் விரலாகத் தடவினார்கள். ஆட்களின் சட்டை மடிப்பைப் பிரித்தார்கள். கோட்டானைத் தனியாகக் கூட்டிப்போய் உடுப்பைக் களைந்து தேடினார்கள். அவளை மட்டும் யாரும் தேடவில்லை. ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கடைசியில் கோட்டானைத் தனிக் கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். வெளிச்சம் இல்லாத அறை அது. தலையைக் குனிந்து கதவைத் தாண்டும்போது அவன் திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பிறகு தோன்றியது. நடந்ததை எழுதி மேலே அனுப்பியாக வேண்டும், வெள்ளிக்கிழமை அவன் கோப்பு தேறாது என்று வார்டரம்மா வாசல் வரை வந்து சொன்னார். சொல்லிவிட்டு வழக்கம்போல், "நீங்க போங்க மேடம்" என்று கையசைத்தார்.

புதனும் வியாழனும் அவள் பிழைத்ததே பெரிய காரியம். ஓர் ஊசியால் என்னவெல்லாம் செய்யமுடியும் என்பது தையல்காரிக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? கழுத்து, கண், காது என்று மனசு ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தது. புதன்கிழமை மத்தியானம் வார்டரம்மா போன் செய்து, முழுங்கியிருப்பானோ என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாகிவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். அப்படியென்றால் அது வேறு எங்கேயோ இருக்கிறது. வகுப்பில் மற்றவன் யாரிடமாவது கைமாற்றிவிட்டானோ? வெள்ளிக்கிழமை கூடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்களே?

அது ஒரு பயம். இன்னொன்று அதைவிடப் பெரியது. இன்றில்லாவிட்டாலும் என்றைக்காவது அவன் வெளியே வருவான். அவள் வார்த்தையால்தான் இருட்டறைக்குப் போனான். அவள் கடை எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். மருந்துக் கடைக்குப் பக்கம் என்று அவளே வகுப்பில் வாயாடியிருக்கிறாள். வியாழக்கிழமை கடைவாசலில் உயரமாக ஒரு நிழல் விழுந்தது. ஏணி தூக்கிப்போகிற மின்சார வேலைக்காரன்தான். ஆனால் அதற்குள் அவள் கத்தரி ஓடிவிட்டது. யாரோ ஒருவரின் கால்சட்டையில் ஒரு கால் மட்டும் இரண்டு விரற்கடை குட்டையாகிப்போனது.

மறுநாள் காலை, கடை வரைக்கும் துணைக்கு வரமுடியுமா என்று கணவரிடம் கேட்டாள். "இன்னைக்கு நீ கடைக்கு எங்க போறே? ஜெயிலுக்குல்ல போறே" என்று அவர் சிரித்தார். விழா நாள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. சலவைக்குக் கொடுத்து வாங்கிய நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டாள். அங்கே கல்கட்டடம், குளிரும் என்று அவர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். பித்தளைப் பட்டன் வைத்த பழைய ஸ்வெட்டர். சிறைக்குப் போகும்போது மட்டும் போடுவது. கையை நுழைத்து, காலரைச் சரிசெய்தாள். இடது பக்கம் கழுத்தில் சுருக்கென்றது.

காலரைப் புரட்டினாள். மடிப்புக்குக் கீழே, தோளை ஒட்டி, ஊசி. அதன் காதில் ஓர் அங்குலம் பச்சை நூல்.

கடையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவள் கை ஊசியை அங்கேதான் குத்திவைக்கும். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தாவும்போது ஊசி போகிற இடம் அது. ஜன்னலோரம் முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் தேவைப்பட்டிருக்கிறது. கை தன் பாட்டுக்குத் தன் வழக்கத்தைச் செய்துவிட்டது.

கணவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்தார். சிறை ஊசியை வெளியே கொண்டுவந்திருக்கிறாள், அதற்கு மேல் ஒருவனைப் பொய் சொல்லி மாட்டியிருக்கிறாள், சொன்னால் அவளைத்தான் உள்ளே போடுவார்கள், வகுப்பை இழுத்து மூடிவிடுவார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

"போற வழியில பாலம் இருக்குல்ல? தூக்கிப் போட்டுட்டுப் போ. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரியுமே."

"அவன் கொலைகாரன்டி. அவன் சொன்னா யாரு நம்புவாங்க?"

யாரும் நம்பவில்லைதான். அதுதானே செவ்வாய்க்கிழமை நடந்தது. அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது ஒரு நினைப்பு வந்தது. இதைப் பாலத்திலிருந்து போட்டுவிட்டால் அவன் வெளியே வரமாட்டான். வெளியே வராவிட்டால் கடைவாசலில் வந்து நிற்கமாட்டான். எத்தனையோ வருஷம் நிம்மதியாகக் கத்தரி பிடிக்கலாம். இந்த நினைப்பு வந்தபோது அவளுக்கு ஒரு நொடி ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலைப் பார்த்துத்தான் அவள் ஆடிப்போனாள். லிஃப்டும் ஷட்டரும் கவரும் கோட்டானும் அவளை அந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.

பாலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றது நிஜம். ஊசியைக் கையில் எடுத்ததும் நிஜம். கீழே அழுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விரல் பிரியவில்லை. இதை அவளுடைய நல்ல மனசு என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முனை மழுங்காத ஓர் ஊசியைத் தூக்கிப்போட எந்தத் தையல்காரியின் கையும் லேசில் சம்மதிக்காது. அது பாதிக் காரணம். மீதியை அவளிடம்தான் கேட்கவேண்டும். எடுத்த இடத்திலேயே அதைக் குத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

சிறைவாசலில் வரிசை நின்றது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அன்றைக்கு எல்லாருக்கும் சோதனை. தலைமை வார்டரம்மாவே உலோகம் கண்டுபிடிக்கிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் உடம்போடும் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு முன்னால் நின்ற பெரியவரின் பெல்ட்டுக்கு அது கத்தியது, அவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் முறை வந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம், இன்னைக்கு எல்லாரையும் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

கருவி இடுப்பைத் தாண்டி மேலே வந்து, இடது தோளில் கத்தியது. வார்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். "பட்டனா?" என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த ஒரு மனுஷியிடம், காதோடு சொல்லியிருக்கலாம். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம், பட்டன். வார்டரம்மா சிரித்து வழிவிட்டார். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

கூடத்தில் சுவர்த்துணி தொங்கியது. கட்டிலும், கண்ணாடியும், டம்ளரும் முழுசாக இருந்தன. விசிறிக்கு மட்டும் இரண்டு இறக்கை. மேடை ஓரம் ஒரு மேசையில் விருந்தாளிகள் பார்ப்பதற்காக ஊசிப் பலகையை வைத்திருந்தார்கள். பதினேழு காலியாகவே இருந்தது. விஷயம் தெரியாதவன் எவனோ எடுத்துவைத்திருக்கிறான். வகுப்பு ஆட்கள் இருபத்துமூன்று பேரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஓர் இடம் விட்டு. அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

கண்காணிப்பாளர் பேசினார். போன வாரமே எழுதிவைத்த பேச்சு. மாற்ற அவருக்கு நேரமில்லை போலும். "ஆறு வருஷத்தில் ஓர் ஊசிகூடத் தவறவில்லை" என்று காகிதத்தைப் பார்த்து வாசித்துவிட்டு, வாசித்தது உறைத்து, ஒரு கணம் நின்று, தண்ணீர் குடித்தார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். இரண்டாவது வரிசை தரையைப் பார்த்தது. சங்கத் தலைவர் நம்பிக்கை என்ற சொல்லைப் பதினொரு தடவை சொன்னார். அவள் எண்ணினாள். வேறு எதையாவது எண்ணிக்கொண்டிருந்தால்தான் உட்கார்ந்திருக்க முடிந்தது. பிறகு அவள் பெயரை அழைத்தார்கள். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வார்த்தை பேசும்படி தலைவர் சொன்னார்.

மேடையேறினாள். பைக்குள் கணவர் எழுதிக் கொடுத்த நாலு வரி இருந்தது. மைக்கின் முன்னால் போய் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். அந்தக் காலி இடம் கண்ணில் பட்டது. என்ன பேசுவதென்று அவள் முடிவு செய்வதற்கு முன்னால் கை காலருக்குப் போய்விட்டது. இந்தத் தடவை கை செய்வதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையிடம் நடந்து, பதினேழில் ஊசியைக் குத்தினாள். பச்சை நூல் தொங்கியது.

"இது என்கிட்டதான் இருந்தது" என்றாள். மைக் தூரத்தில் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கண்காணிப்பாளர் எழுந்து, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, அப்புறம் பேசிக்கொள்ளலாம் மேடம் என்று பல்லைக் கடித்துச் சொன்னார். அவர் குரலில் இருந்த மிரட்டலுக்கு வேறொரு நாளாக இருந்தால் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். மைக்குக்கு வந்தாள். உதடு கோணியது, மூக்கிலிருந்து தண்ணீர் வேறு வழிந்தது.

"பதினேழாம் நம்பர்காரர் சொன்னது நிஜம். ஊசியை என்கிட்டதான் கொடுத்தார். நான் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். கொடுத்துட்டேன்னு சொன்னது பொய். காலையில வாசல்ல சொன்னதும் பொய். அவரை அந்த இருட்டுல இருந்து வெளியே விடுங்க."

கதவோரம் நின்ற தலைமை வார்டரம்மாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் மாட்டிவிட்டிருக்கிறோம் என்று. சங்கத் தலைவர் கேடயத்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டு கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் அதைப் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினார்.

பிறகு ஆபீஸ் அறை, எழுதிக் கொடுத்த காகிதங்கள், கையெழுத்துகள். அவளுடைய அனுமதி அட்டையை ஒரு கத்தரியால் இரண்டாக வெட்டினார்கள். வழக்கு போடவில்லை. வகுப்பை நிறுத்தினார்கள். தலைமை வார்டரம்மாவைக் கண்டித்து எழுதி, வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றினார்கள். கோட்டானை அன்று மாலையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் காகிதங்கள் கையெழுத்தாகி முடிவதற்குள் குழு கூடிக் கலைந்திருந்தது. ஊசி தொலைந்த அறிக்கை கோப்பில் இருந்தபடியால் அதைத் தொடாமலே ஒதுக்கிவிட்டார்கள். அடுத்த கூட்டம் நாலு மாசம் கழித்து. அவளுடைய ஒரு வார்த்தைக்கு அவன் கொடுத்த விலை நாலு மாசம்.

அந்த நாலு மாசத்தில் அவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். தெளியவில்லை. உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? ஷட்டரை இப்போது ஐந்து தடவை இழுத்துப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் ஒரு சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மேசையில் நிழல் விழுந்தது. ஏணி இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு, ஷட்டருக்குக் கீழே தலையைத் தாழ்த்திக்கொண்டு, கோட்டான் நின்றான். வெளிச்சத்தில் பார்க்கும்போது அவன் கண் அத்தனை பெரிதாகத் தெரியவில்லை. அவன் பார்வை மேசைக்குப் போயிற்று. அவளும் பார்த்தாள். அவளுடைய வலது கை எப்போது போனதோ, கத்தரியைப் பிடித்திருந்தது.

அவன் ஒரு படி பின்வாங்கினான். பையைக் கீழே வைத்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, திருப்பிப் புறங்கையைக் காட்டினான்.

அவமானத்தில் அவள் முகம் எரிந்தது. கத்தரியை விட்டாள். என்ன சொல்வதென்று நாலு மாசமாக யோசித்துவைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நாலு மாசம் உங்களுக்கு..." என்று தொடங்கினாள்.

"இருட்டுல இருந்த மூணு நாளை விட்டுட்டீங்க" என்றான் அவன்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னது போலிருந்தது. மேசைக்கு மேலே தன் இரண்டு கையையும் நீட்டினாள். உள்ளங்கையை விரித்தாள். பிறகு திருப்பினாள். ஆறு வருஷத்தில் அவளிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை.

அவன் அவசரப்படவில்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு கொஞ்சம் குனிந்து, அவள் இடது தோளில், காலர் மடிப்புக்குக் கீழே பார்த்தான். அங்கே மூன்று ஊசி இருந்தன.

"சரி" என்றான்.